கால் மடக்கும் வண்டி

எங்கள் ஊர்ப்பக்கம் வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காக வருகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைச் சேவித்துவிட்டுப் பால்கோவா வாங்கிக்கொண்டு போவது ஒன்று. வத்திராயிருப்பைத் தாண்டிப் பிளவக்கல் வந்து, மலையடிவாரத்தில் பெரியாறு, கோவிலாறு என்ற இரு அணைகளையும் பார்ப்பது மற்றொன்று. 2025-இல் கூமாபட்டியின் தண்ணீரைப் புகழ்ந்து யாரோ எடுத்துப் போட்ட சிறு வீடியோக்கள் கைபேசிதோறும் பரவியபோது, இரண்டாவது கூட்டம் திடீரென்று பெருத்துவிட்டது. அவர்களில் எவருக்கும் தெரியாத மூன்றாவது சங்கதி ஒன்று எங்களிடம் உண்டு. அணைக்குப் போகும் வழியில் உள்ள ஒரு தென்னந்தோப்பில், தேங்காய் போட்டுவைக்கும் கொட்டகைக்குள் வெளிர் நீல நிறத்தில் ஒரு கார் நிற்கிறது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, மனிதனின் இடுப்புயரமே இருக்கிற கார். அதை நானும் என் மைத்துனனும் ஓர் அண்ணாச்சியும் சேர்ந்து ஆறு ஆண்டுகளில் செய்தோம். அதனால் ஓர் எலும்பு முறிந்தது. அந்த முறிவுக்கு நான்தான் காரணம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

காரின் பூர்வீகத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஐம்பது வயதைக் கடந்த வாசகர்களுக்கு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நினைவிருக்கலாம். இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் 1959-இல் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று பிறந்து, 1961 முதல் சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் தயாரான கார் அது. டாக்டர்களும் வக்கீல்களும் வைத்திருப்பார்கள். முன்பக்கத்து மூடி முழுவதும், மட்காடுகளோடு சேர்ந்து, முதலை வாயைப் பிளந்தது போல முன்னோக்கித் திறக்கும். இத்தாலியரான ஜொவானி மிக்கெலோட்டி வரைந்த உருவம்.

அந்தக் காலத்தில் மற்றக் கம்பெனிகள் உடலையும் சட்டத்தையும் ஒன்றாக வார்த்தது போன்ற கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்ட் கம்பெனிக்கு உடற்கூடு செய்து தந்துகொண்டிருந்த நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. ஆகவே தனியாக ஒரு இரும்புச் சட்டம், அதன்மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு மாட்டும் உடல் என்று பழைய வழிக்கே திரும்பினார்கள். வேறு வழியின்றிச் செய்த இந்த ஏற்பாடு ஒரு வரமாயிற்று. உடலைக் கழற்றி வைத்துவிட்டு அதே சட்டத்தின்மேல் வேறு உடலை உட்காரவைக்கலாம் அல்லவா? அவர்களே முதலில் அதைச் செய்தார்கள். சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை 91.5 அங்குலத்திலிருந்து 83 அங்குலமாகக் குறைத்து, ஹெரால்டின் முன் பின் உறுப்புகளை அப்படியே வைத்து, மிக்கெலோட்டியைக் கொண்டே புதிய உடல் வரையச் சொல்லி, 1962-இல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற சிறிய பந்தயத் தோற்றமுள்ள காரை வெளியிட்டார்கள்.

1964-65 ஆண்டுகளில் கம்பெனியே சில ஸ்பிட்ஃபயர்களைச் செப்பனிட்டுப் போட்டிகளுக்கு அனுப்பியது. ல மான் 24 மணிநேரப் பந்தயத்தில் 1965-இல் அவற்றில் ஒன்று தன் வகுப்பில் முதலாவதாக வந்தது. ஆல்ப்ஸ் மலைச்சாலைகளிலும் பிரான்ஸ் நாட்டைச் சுற்றிவரும் பந்தயத்திலும் அவற்றின் உடன்பிறப்புகள் ஓடின. தார்ச்சாலை ராலி என்பது அதுதான். சாலையை அடைத்துவிட்டு, ஒவ்வொரு காராக அனுப்பி, கடிகாரத்தோடு போட்டியிட வைப்பது. பக்கத்திலிருப்பவர் வளைவுகளை வாசித்துச் சொல்ல, ஓட்டுகிறவர் அந்தச் சொல்லை நம்பித் திரும்புவது. கோர்சிகா தீவில் 1956 முதல் நடந்த ராலியைப் பத்தாயிரம் வளைவுகளின் பந்தயம் என்பார்கள். நமக்கு அருகே இலங்கையில், நுவரெலியாவின் தேயிலைத் தோட்டத்தில் 1934-இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியும் ஒருவகையில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இந்தியாவில் ராலி என்றால் பெரும்பாலும் மண்சாலைதான். தாரில் ஓட ஆசைப்படுகிற எங்களைப் போன்றவர்களுக்குப் பந்தயத் தளங்களை விட்டால் வேறு இடமில்லை.

*

ராஜபாளையத்தில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனன் முன்பு ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தவன். கையில் எதைக் கொடுத்தாலும் அதன் அளவைச் சொல்லிவிடுவான். துருப்பிடித்த ஹெரால்டு ஒன்று மதுரையில் எடைக்குப் போக இருந்ததைத் தெரிந்துகொண்டு வந்து சொன்னவன் அவன். அதை ஸ்பிட்ஃபயர் ஆக்கலாம் என்று சொன்னவன் நான். பழைய ஆங்கில மோட்டார் பத்திரிகைகளை எடைக்கடையில் பொறுக்கிச் சேர்த்துப் படித்து வளர்ந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. எனக்குத் தெரிந்தது காகிதம், அவனுக்குத் தெரிந்தது இரும்பு.

மூன்றாமவர் அண்ணாச்சி. மதுரையில் முப்பது வருஷம் ஹெரால்டுகளுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு வத்திராயிருப்பில் வந்து உட்கார்ந்தவர். முதல் நாள் கொட்டகைக்கு வந்ததும் பின்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கச் சொன்னார். வண்டி எழும்பியதும் இரண்டு பின்சக்கரங்களும், சம்மணமிட்டவன் கால்களைப் போல, அடிப்பக்கம் உள்நோக்கி மடங்கின.

"பாத்துக்கிட்டீங்களா தம்பி, இது கால் மடக்குற வண்டி. ஜாக்கி போட்டா மடக்குனாப் பரவால்ல. ஓடும்போது மடக்கிறக் கூடாது."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு பின்னாளில் பல இரவுகளில் எனக்கே கேட்டிருக்கிறது.

வேலையைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆசைதான். சட்டத்தை எட்டரை அங்குலம் வெட்டிக் குறைப்பதுதான் முதல் கண்டம். கலைக்கப்பட்ட ஒரு மில்லிலிருந்து வாங்கிய இரும்பு உத்தரங்களைத் தரையில் பாவி, கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டக் குழாயில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்து, அவற்றின்மேல் சட்டத்தை இறுக்கிக் கட்டிய பிறகே வெட்டினோம். வெட்டிய இரு பகுதிகளையும் நெருக்கி, மூலைக்கு மூலை குறுக்கே நூல் பிடித்து, தூக்குக்குண்டு தொங்கவிட்டு, உள்ளே ஒரு இரும்புக் கூட்டைச் செருகிப் பற்றவைத்தான் மைத்துனன். ஒரே மூச்சாகப் பற்றவைத்தால் சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளும். ஓரங்குலம் இந்தப் பக்கம், ஆறவிட்டு ஓரங்குலம் அந்தப் பக்கம் என்று நான்கு நாள் ஆயிற்று. முடிந்தபின் குறுக்களவுகள் இரண்டுக்கும் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அன்று அவன் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் எல்லோருக்கும் புரோட்டா வாங்கி வந்தான்.

உடலுக்குத் தகரம் அடிக்க எங்களுக்குத் திறமையில்லை. தூத்துக்குடியில் ஃபைபர் வள்ளம் செய்கிற ஒருவரை அழைத்து வந்தோம். மரச்சட்டங்களாலும் பிளாஸ்டர் பூச்சாலும் நாங்கள் செய்திருந்த உருவத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்கு அணியம் எது, பின்னணியம் எது?" என்று கேட்டார். படகுக்காரர்களுக்கு முன்னும் பின்னும் அப்படித்தான் பெயர். மே மாத வெயிலில் ரெசின் வாளியிலேயே இறுகிப் புகைய ஆரம்பித்தது. பிறகு அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, வெயில் ஏறுமுன் இழைப்பாய்களை விரித்து ரெசின் பூசுவதை வழக்கமாக்கிக்கொண்டோம். அந்த நேரத்தில் மலைமேலிருந்து இறங்கிவரும் காற்றின் குளிர்ச்சியும் ரெசினின் காரமான வாடையும் சேர்ந்து எனக்குள் ஒரே நினைவாகிவிட்டன.

இரண்டு கார்புரேட்டர்கள் வேண்டும். ஸ்பிட்ஃபயரில் இருந்த எஸ்.யு. வகையையே நம்முடைய அம்பாசிடரிலும் மாட்டியிருந்தார்கள் என்பது எங்கள் அதிர்ஷ்டம். சென்னை புதுப்பேட்டையில் ஒரு மதியம் முழுக்க அலைந்து, அம்பாசிடரிலிருந்து கழற்றிய இரண்டை வாங்கினோம். எஞ்சின்தான் கைகொடுக்கவில்லை. ஸ்பிட்ஃபயரில் 1147 சி.சி. சென்னை ஹெரால்டில் 948 சி.சி. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் இல்லாததால், பழைய மாருதி ஜென்னின் உறுப்புகளைப் பொருத்துவதற்கு மைத்துனன் இணைப்புத் தகடுகள் கடைந்தான். எங்கள் பிரதியில் மூலத்திலிருந்து விலகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வந்தேன். உடல், எஞ்சின், பிரேக் என்று அந்தப் பட்டியல் நீள நீள, விலகாமல் மிஞ்சியிருப்பவற்றின்மேல் எனக்குப் பிடிவாதம் கூடிக்கொண்டே போனது. கடன் அதிகமானவன் மிச்சமிருக்கும் ஒரு காணி நிலத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வது மாதிரி.

*

மிஞ்சியிருந்தவற்றில் முக்கியமானது அந்தப் பின்சக்கர அமைப்பு. ஹெரால்டிலும் முதல் ஸ்பிட்ஃபயர்களிலும் பின்சக்கரம் ஒவ்வொன்றும் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியிலிருந்து ஒரு கைபோல நீண்டு, தோளில் அசைவது மாதிரித் தனித்தனியே மேலும் கீழும் அசையும். பெட்டியின்மேல் குறுக்கே படுத்திருக்கும் ஒற்றை வில் இரண்டையும் தாங்கும். மேடுபள்ளத்தில் சுகமான ஏற்பாடு. வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஓட்டுகிறவன் பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கதை மாறுகிறது. வண்டியின் பின்பகுதி சட்டென்று மேலெழும்பும். பாரம் தாங்கிக்கொண்டிருக்கும் வெளிப்புறச் சக்கரம் அடிப்பக்கம் மடங்கும். டயர் தன் முழு அகலத்தில் நில்லாமல் ஓரத்தில் நிற்கும். மடங்க மடங்க வண்டி இன்னும் உயரும். உயர உயர இன்னும் மடங்கும். அமெரிக்காவில் ரால்ஃப் நாடர் 1965-இல் எழுதிப் பெரும் புயலைக் கிளப்பிய நூலின் முதல் அத்தியாயம் இதே வகைப் பின்னமைப்புக் கொண்ட கார்வேர் என்ற காரைப் பற்றியதுதான்.

ட்ரையம்ஃப் பொறியாளர்களும் கடைசியில் இதற்கு மருந்து கண்டார்கள். 1970-இல் வந்த நான்காம் ஸ்பிட்ஃபயரில், வில்லின் பட்டைகளில் ஒன்றைத் தவிர மற்றவை நடுவில் ஊஞ்சல் போல இருபுறமும் சாயும்படி வைத்தார்கள். சென்னைக்காரர்கள் அதற்கும் மேலே போய், ஹெரால்டுக்குப் பின்வந்த கேஸல் காரில் அந்த அமைப்பையே கைவிட்டு முழு அச்சுக்கு மாறினார்கள்.

அண்ணாச்சி இந்த ஊஞ்சல் வில்லைச் செய்துவிடலாம் என்று பலமுறை சொன்னார். மைத்துனனும் கடைந்து தருவதாகச் சொன்னான். நான் மறுத்தேன். "1964 காரில் அது கிடையாது" என்பது என் வாதம். பாடபேதம் பார்க்கிற பதிப்பாசிரியனின் கறாரோடு அதைச் சொன்னேன் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது. மூலநூலில் பிழை இருந்தால் மொழிபெயர்ப்பாளன் திருத்தலாமா, கூடாதா என்று நண்பர்களோடு இரவெல்லாம் விவாதித்திருக்கிறேன். திருத்தக்கூடாது என்ற கட்சியில்தான் எப்போதும் இருந்தேன். அந்தக் கட்சியை அப்படியே கொட்டகைக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

அணைக்குப் போகும் சாலையில் ஓட்டிப் பார்க்கும் எண்ணம் எங்களுக்கு இருந்ததில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி செய்து தந்த அமைப்பை மாற்றிய வண்டியைப் பொதுச்சாலையில் அனுமதிப்பதில்லை. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்திருக்கிறது. பொதுச்சாலையில் வேகப்போட்டி நடத்துவதைத் தடுக்க 189-ஆம் பிரிவு வேறு. சட்டம் இருக்கட்டும். 1988 முதல் சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாகவும், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகமாகவும் இருக்கும் மலை அது. அதன் அடிவாரத்தில் ராத்திரி எது குறுக்கே வரும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனவே மூடப்பட்டுக் கிடந்த ஒரு நூற்பாலையின் வளாகத்தில், உடைமையாளரின் அனுமதி பெற்று ஓட்டினோம். பஞ்சு லாரிகள் சுற்றிவரப் போட்ட தார்ச்சாலை. இரண்டு ஓரங்களிலும் வேம்பு.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. மைத்துனன் ஓட்டினான். கடிகாரம் என் கையில். ஒவ்வொரு சுற்றுக்கும் நேரத்தைக் கத்திச் சொன்னேன். ஐந்தாவது சுற்றில் அவன் அதுவரை வராத வேகத்தில் பழைய பஞ்சுக் கிடங்கின் மூலைக்கு வந்தான். கிடங்கின் நிழலிலிருந்து ஒரு நாய் எழுந்து சோம்பல் முறித்தது. அது சாலைக்கு வரக்கூட இல்லை. ஆனால் அவன் காலை எடுத்துவிட்டான். எவனும் எடுப்பான். உயிர்மேல் கருணை உள்ள எந்தக் காலும் அப்படித்தான் எழும்பும்.

பின்பக்கம் எழும்பியதைக் கண்ணால் பார்த்தேன். சக்கரம் மடங்கியதையும் பார்த்தேன். பத்திரிகைப் படங்களில் நான் ரசித்த அதே கோணம். பிறகு வண்டி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, பக்கவாட்டில் வேம்பில் போய் மோதியது. கவிழவில்லை, அதுவே பெரிய விஷயம். அவனுக்குக் காறை எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என் மனைவி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நெடுநேரம் கழித்து, "அந்த அண்ணாச்சி முன்னாடியே சொன்னாராமே" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போனால் அவன் கட்டோடு படுத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்க அத்தான், நான் காலை எடுத்திருக்கக் கூடாது" என்கிறான். அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது. என்னுடைய பிடிவாதத்துக்கு அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.

*

இரண்டு மாதம் கொட்டகைப் பக்கம் போகவில்லை. ஆடிப்பூரம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரோட்டம். கூட்டத்துக்குள் அண்ணாச்சி என்னைக் கண்டுபிடித்துக் கையைப் பற்றி அழைத்துப்போய், தேர்ச்சக்கரங்களுக்குச் சற்றுத் தள்ளி நிறுத்தினார். வடம் பிடிப்பவர்களைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அவர் காட்டியது முட்டுக்கட்டை போடுகிறவர்களை. உருண்டு வரும் சக்கரத்தின் அடியில் கட்டையைக் கொடுத்துத் திசை திருப்புகிறவர்கள், நிறுத்துகிறவர்கள். ஒருவருடைய கண்ணும் தேரின் உச்சியைப் பார்க்கவில்லை.

"முன்ன மரச்சக்கரம். இப்ப இரும்புச்சக்கரம் தம்பி, பிரேக்கும் வச்சிருக்காங்க. அதுனால இது ஆண்டாள் தேர் இல்லைன்னு எவனாவது சொல்லுவானா?"

நான் பேசவில்லை.

"வெள்ளைக்காரன் அந்த வண்டியை ஓட்டும்போது அவனுக்குத் தெரியும்லா, கால எடுத்தா மடக்கும்னு. அதத் தெரிஞ்சு ஓட்டுனான். நீங்க வண்டியத்தான பாத்துச் செஞ்சீங்க, அவன் காலைப் பாத்தா செஞ்சீங்க?"

இத்தனை வருஷம் புத்தகங்களோடு புழங்கிய எனக்கு இது உறைக்க ஒரு மெக்கானிக் வேண்டியிருந்தது. 1964-இன் அந்தக் கார் இரும்பினால் மட்டும் ஆனதல்ல. அதன் குறையை உடம்பில் அறிந்திருந்த ஓட்டுநர்களின் கால்களும் அதில் ஒரு பாகம். அவர்கள் வளைவில் பெடலை விடாமல் மிதித்துப் பழகியவர்கள். நான் குறையைப் பிரதி எடுத்தேன், அதற்கு ஈடாக அவர்களிடம் இருந்த பழக்கத்தைப் பிரதி எடுக்கவில்லை. எடுக்கவும் முடியாது. பாதி மூலத்தை வைத்துக்கொண்டு முழு விசுவாசம் பேசினேன்.

மொழிபெயர்ப்பு விஷயத்தில் என் கட்சியை நான் மாற்றிக்கொண்டேனா என்று கேட்டால், இல்லை. பிழையான வரியை அப்படியே பெயர்த்தால் அடிக்குறிப்பு போடலாம். வாசகன் நின்று படித்துவிட்டு மேலே போவான். அறுபது மைல் வேகத்தில் வளைவுக்குள் நுழைந்தவனுக்கு அடிக்குறிப்பு படிக்க நேரமில்லை. ஒரு பிரதியின் பிழைக்கு யார் உடம்பால் விலை கொடுக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் விசுவாசத்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

மைத்துனன் தோள் சரியானதும் ஊஞ்சல் வில்லைக் கடைந்தான். பட்டைகளைப் பிரித்து, நடுவில் அசையும் கூடு செய்து, சக்கரங்கள் நின்றநிலையிலேயே மேற்பக்கம் சற்று உள்நோக்கிச் சாயும்படி அண்ணாச்சி உயரத்தைக் குறைத்தார். என் நோட்டில் விலகல்களின் பட்டியலில் அதையும் எழுதினேன். அதற்கு நேராகத் தேதியையும் போட்டேன். மற்ற எதற்கும் தேதி போட்டிருக்கவில்லை.

*

சென்ற ஆண்டு ஒரு நாள், எங்களைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்கள் சிலர் சேர்ந்து கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயை வாடகைக்கு எடுத்தார்கள். மாருதி 800-இன் எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்கள் செய்து, வசதி குறைந்த இளைஞர்களுக்கும் பந்தயத்தின் கதவைத் திறந்துவிட்ட கரிவர்தனின் பெயர் தாங்கிய தளம் அது. 1995-இல் விமான விபத்தில் மறைந்தவர். கோவைக்காரரான நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்றில் ஓடிய முதல் இந்தியராகும் வரை நீண்ட ஒரு மரபின் தொடக்கத்தில் இருந்தவர்களில் ஒருவர். கையில் கிடைத்ததைக் கொண்டு ஓடக்கூடிய ஒன்றைச் செய்வது என்ற அவருடைய வழிக்கு நாங்களும் எட்டிய உறவுதான் என்று லாரியிலிருந்து காரை இறக்கும்போது நினைத்துக்கொண்டேன்.

ராலியைப் போலவே கூம்புகள் வைத்து வழி குறித்து, ஒவ்வொரு காராக அனுப்பிக் கடிகாரம் பார்த்தார்கள். மைத்துனன் ஓட்ட, நான் பக்கத்தில் அமர்ந்து வளைவுகளை வாசித்தேன். அவன்தான் என்னை உட்காரச் சொன்னான். "கடிகாரம் வேற யாராவது பாக்கட்டும் அத்தான்" என்றான். நான்காவது வளைவில், முன்கூட்டியே பேசிவைத்திருந்தபடி, வேண்டுமென்றே காலை எடுத்தான். பின்பக்கம் லேசாக நெளிந்தது. பிறகு, கோபம் தணிந்தவர் திண்ணையில் உட்காருவது போல, தன் இடத்தில் அமர்ந்தது. நான் அடுத்த வளைவை வாசிக்க மறந்துவிட்டேன்.

பதினான்கு கார்களில் பன்னிரண்டாவது இடம். எங்களுக்குப் பின்னால் வந்த இரண்டில் ஒன்றுக்குக் கிளட்ச் போய்விட்டிருந்தது.

இப்போது அது கொட்டகையில் நிற்கிறது. அணைக்கு வருகிற வண்டிகள் தோப்பின் வேலியை உரசிக்கொண்டு போகும்போது உள்ளே இருக்கிற நீலம் யார் கண்ணுக்கும் படுவதில்லை. அண்ணாச்சி சில மாலைகளில் வருவார். வந்ததும் காரைப் பார்ப்பதில்லை. ஜாக்கியை எடுத்து, பின்பக்கம் வைத்து ஒரு தடவை தூக்குவார். சக்கரங்கள் மடங்குகிற அளவைக் குனிந்து பார்ப்பார். இறக்கிவிட்டு, "ம், இருக்கட்டும்" என்பார். பிறகுதான் எங்களோடு டீ குடிக்க உட்காருவார்.